முதலில் பிரேக், பிறகுதான் பெட்டி

பழைய ஸ்க்ராம்ளர் வாங்கிய நண்பர்கள் எனக்குப் படம் அனுப்புவதுண்டு. பின்னால் அலுமினியப் பெட்டி, முன்னால் கூடுதலாக இரண்டு விளக்கு, கைப்பிடிக்குக் கவசம். கீழே “ஊர் சுற்றத் தயார்” என்று ஒரு வரி. நான் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? பெரும்பாலும் பதில் வராது.

தார்ச்சாலையிலும் செம்மண் பாதையிலும் மாறி மாறிப் போகப் பழைய மோட்டார் சைக்கிளைத் தயார் செய்வதென்றால், நம்மில் பலருக்குக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிப் பூட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. என் கருத்து வேறு. அந்த வண்டியில் எது தேய்ந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது, எது காய்ந்து வெடித்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, முதலில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மற்றவை பிறகு. இந்த வேலையைத் தமிழ் மாணவர்களாகிய நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல் கல்வியாகவே எண்ண வேண்டும் என்பதும் என் எண்ணம்.

நான் மலாக்காவில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் என் அப்பா. நான் ஓட்டுவது மாமா எனக்குக் கொடுத்த 150 சிசி ஸ்க்ராம்ளர். அதற்கு இப்போது பன்னிரண்டு வயது.

நம் மாநிலத்துக்கு ஏற்ற வண்டி

மலாக்கா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜோங்கர் சாலையும் ஆ ஃபமோசா கோட்டையும்தான் ஞாபகத்துக்கு வரும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் நகரத்தைத்தான். நம் தாத்தா பாட்டிகளின் கதையோ நகரத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. 1896இல் டான் சாய் யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டவர்களில் அவரே முன்னோடி. பிறகு அவர் புக்கிட் அசகானிலும் பெரிய அளவில் ரப்பர் நட்டார். அப்படித் தொடங்கிய தோட்டங்களில் பால் வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் நம்மில் பலர்.

இன்று ரப்பர் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல காலியாகிவிட்டன. கோயில் மட்டும் இருக்கும் தோட்டம் உண்டு. பள்ளி வேறிடம் போய்விட்ட தோட்டமும் உண்டு. செலண்டார், நியாலாஸ், அசகான் வழியாகக் குனோங் லேடாங் அடிவாரம் வரை போய்ப் பாருங்கள். பெரிய சாலை நல்ல தார்ச்சாலை. பக்கத்தில் பிரியும் தோட்டப் பாதையில் நுழைந்தால் கொஞ்ச தூரத்திலேயே செம்மண்ணும் சரளைக்கல்லும் தொடங்கிவிடும். மழை பெய்தால் அதே மண் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். கார் உள்ளே போகத் தயங்கும். சாதாரண மோட்டார் சைக்கிள் போகும், ஆனால் திணறும். இரண்டுக்கும் பொருந்துவது ஸ்க்ராம்ளர்தான்.

நாம் பொதுவாக ஸ்க்ராம்ளர் என்று அழைக்கும் இந்த வகை வண்டி பரவலானதற்கு 1968இல் வந்த யமஹா டிடி-1 ஒரு முக்கியக் காரணம். 250 சிசி, ஒரே சிலிண்டர். சாலை வழியே காட்டுக்குப் போய், காட்டில் ஓட்டிவிட்டு, அதே வண்டியில் வீடு திரும்பலாம் என்பதே அதன் சிறப்பு. இன்று நம் ஊரில் அதிகம் காணும் கவாசாகி கேஎல்எக்ஸ்150 வரை அந்த எண்ணம் தொடர்கிறது. அதன் இயந்திரம் 144 சிசிதான்.

இவ்வளவு சிறிய வண்டி நெடும்பயணத்துக்குப் போதுமா என்று கேட்பவர்களுக்கு லோயிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைச் சொல்வேன். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடியில் உள்ள உசுவாயா நகரம் வரை அவர் தனியாக ஓட்டிப் போனது யமஹா சேரோ எக்ஸ்டி225 என்ற 225 சிசி வண்டியில். அதனால் “சிசி பத்தாது” என்று புலம்ப வேண்டியதில்லை. பத்தாமல் இருப்பது பராமரிப்பு.

எதை முதலில் பார்ப்பது?

உங்கள் கையில் வண்டிக்காக 1,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நான் செலவழிக்கும் வரிசை இது.

பணம் அதிகம் தேவைப்படாத வேலை முதலில்: கிரான். சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணும் இயந்திர எண்ணும் கிரானில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சாலை வரியும் காப்புறுதியும் உயிரோடு இருக்க வேண்டும்.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது சூடேறி, உள்ளே ஆவிக்குமிழ் உண்டானால், நெம்புகோலை அழுத்தினாலும் வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்று என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான். பழைய ஸ்க்ராம்ளர்களில் ஏபிஎஸ் கிடையாது. நிறுத்துவது உங்கள் விரலும் பாதமும்தான். ஆயில், பிரேக் பேட், ரப்பர் குழாய் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பேரிங்குகள். வண்டியின் அடியில் கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ‘டக்’ என்று ஓர் அசைவு கையில் பட்டால் ஹாண்டில் கழுத்திலுள்ள பேரிங் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆடினால் சக்கர பேரிங். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தார்ச்சாலையில் இந்தத் தளர்ச்சி தெரியாமல் போகலாம். செம்மண் பள்ளத்தில் வண்டி தன் போக்கில் இழுத்துக்கொண்டு ஓடும்போது தெரியும்.

கையோடு கம்பிகளையும் பாருங்கள். சின்ன ஸ்பேனரால் சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் தட்டினால், இறுக்கமான கம்பி ‘ணங்’ என்று ஒலிக்கும். தளர்ந்தது ‘டொக்’ என்று செத்துப்போன சத்தம் தரும். ஒன்று தளர்ந்தால் அதன் சுமையைப் பக்கத்துக் கம்பிகள் சுமக்கும். பிறகு அவை உடையும். இந்தச் சோதனைக்கு ஒரு காசும் ஆகாது.

நான்காவது டயர். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பூ நன்றாக இருக்கிறதே என்று பத்து வயது டயரில் போகக்கூடாது. ரப்பர் காய்ந்து கெட்டிப்பட்டால் ஈரத்தாரில் பிடிக்காது. புது டயர் வாங்குவதென்றால், போகும் பாதையை நினைத்து வாங்குங்கள். பெரிய கட்டி கட்டியான பூ கொண்ட டயர் சேற்றில் அருமை. தாரில் நெளியும், சீக்கிரம் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். டுரியான் துங்கலிலிருந்து அசகான் போய்வரும் ஒரு நாள் பயணத்தில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். எனக்கு நடுத்தரப் பூ போதும். முழுக்க முழுக்கச் சேற்று டயர், படத்தில் அழகாக இருக்கும்.

காற்றழுத்தமும் பாதைக்குத் தக்கபடி மாற வேண்டும். செம்மண்ணில் 18–20 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் மண்ணை நன்றாகப் பற்றும். இன்னும் இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். தாருக்குத் திரும்பியதும் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிவிட வேண்டும். அதற்குச் சின்னக் கைப்பம்பும் அழுத்தமானியும் பையில் இருக்க வேண்டும். இன்னொன்று: செம்பனை மட்டையின் முள் ஆணியைவிடப் பொல்லாதது. தோட்டத்துக்குள் பஞ்சர் ஆவது அதனால்தான் அதிகம். மாற்று டியூப் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். முன் சக்கரம் 21, பின் சக்கரம் 18 அங்குலம் கொண்ட வண்டி என்றால், அவசரத்துக்கு 21 அங்குல டியூப்பைப் பின்னாலும் போட்டு வீடு வந்து சேரலாம்.

ஐந்தாவது சங்கிலி. ஸ்ப்ரோக்கெட்டின் பற்கள் சுறாமீன் பல்போல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சங்கிலியோடு சேர்த்து மாற்றுங்கள். சங்கிலியை வீணைக் கம்பிபோல் இறுக்கிவிடுவது பலர் செய்வது. ஸ்க்ராம்ளரின் பின் சக்கரம் மேலும் கீழும் நிறைய அசையும். அசையும்போது சங்கிலி இன்னும் இறுகும். அந்த இழுவை இயந்திரத்துக்குள் உள்ள பேரிங்கைத் தின்றுவிடும். கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்குத் தொய்வு விட்டே ஆக வேண்டும். மண்ணில் இழுவை அதிகம் வேண்டும் என்றால், முன் ஸ்ப்ரோக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்கினாலே போதும். கியர் விகிதம் ஏறக்குறைய 7 விழுக்காடு மாறும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் திணறாது. பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக இயந்திரம். ஆயில் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். ஏர் ஃபில்டரை மறந்துவிடுகிறார்கள். வறண்ட நாளில் தோட்டப் பாதையில் லாரிக்குப் பின்னால் ஓட்டினால் எவ்வளவு புழுதி என்பது தெரியும். அந்தப் புழுதி உள்ளே போனால் சிலிண்டரை அரம்போல் தேய்க்கும். ஸ்பாஞ்சு வகை ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, அதற்குரிய எண்ணெய் தடவிப் போடலாம். வால்வு இடைவெளியை இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்துக் கரி படிந்திருந்தால் ஏதோ கோளாறு, அதைத் தேடுங்கள்.

இவை முடிந்த பிறகு காசு மீதமிருந்தால் பை வாங்கலாம். ‘பை’ என்றுதான் சொல்கிறேன். கனமான பெட்டியைப் பின்னால் உயரத்தில் பூட்டினால் முன் சக்கரம் லேசாகி, மணலில் திசை மாறும். விழுந்தால் அலுமினிய விளிம்பு காலைப் பதம் பார்க்கும். துணிப்பை இரண்டு பக்கமும் தாழ்வாகத் தொங்குவதே போதும்.

உபகரணங்களுக்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்று. பயணத்துக்கு எடுத்துப்போகும் சாவிகளையும் டயர் நெம்பிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலேயே இரண்டு சக்கரத்தையும் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். எந்தச் சாவி குறைகிறது, எது தேவையில்லாத சுமை என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

மறுப்புகளும் என் பதிலும்

“வழியில் பட்டறை இருக்காதா?” என்பார்கள். ஜாசினில் இருக்கிறது, மெர்லிமாவில் இருக்கிறது. செம்பனைக்கு நடுவே, கைப்பேசி அலைவரிசை இல்லாத இடத்தில் மாலை ஐந்து மணிக்கு மழை பிடிக்கும்போது இல்லை.

“பிளாக்கைப் பெரிதாக்கினால் நன்றாக இழுக்குமே?” என்பது அடுத்தது. இயந்திரக் கொள்ளளவு கிரானில் பதிவானது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் அதை மாற்றுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் சிக்கலாகும். அதைவிட முக்கியம், தோட்டப் பாதையில் உங்களைத் தடுப்பது சக்திக் குறைவாக இருக்காது. பிடிமானமும் பிரேக்கும்தான் அங்கே வரம்பு. சைலன்சரைக் கழற்றிச் சத்தம் போடுவது இன்னும் மோசம். லயத்தில் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். “வந்துட்டானுங்க” என்று ஒரு முறை அவர்கள் முகம் சுளித்தால், அடுத்து வரும் நல்ல பையனுக்கும் கேட் திறக்காது.

தோட்டப் பாதை பொதுச்சாலை அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. நிறுவனத்தின் நிலம் அது. காவலர் கொட்டகையில் நின்று, தலைக்கவசத்தைக் கழற்றி, எங்கே போகிறோம் என்று சொல்லி அனுமதி கேட்பதே முறை. மறுத்தால் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். “அண்ணே, எங்கப்பா இந்த டிவிஷன்லதான் பொறந்தாரு, கோயிலைப் பார்த்துட்டுப் போயிடறேன்” என்று பணிவாகச் சொன்னபோது என்னை உள்ளே விட்டவர்கள் உண்டு. கிராணியார் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து வழிகாட்டியதும் உண்டு.

பெற்றோர் சொல்லும் மறுப்புதான் கனமானது. “மோட்டார்ல சுத்தாதே.” இதை நான் கேலி செய்ய மாட்டேன். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் தாமான்களில் அப்படிப் பிள்ளையை இழந்த வீடு இல்லாத தெரு குறைவு. ஆனால் நம் குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு மோட்டார் சைக்கிள்தான் ஒரே வாகனம். காலை ஷிப்டுக்குப் போகும் அம்மா ஏறுவது அதில்தான். டியூஷனுக்குப் போகும் தம்பி ஏறுவதும் அதில்தான். ஓட்டாதே என்பதால் அந்த ஆபத்து தீர்ந்துவிடாது. நாடு 1992இல் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது, ஓட்டுவதை நிறுத்தச் சொல்லி அல்ல. மற்றவர் கண்ணில் படும்படி ஓட்டச் சொல்லி. அதேபோல், ஓட்டுகிறவனுக்கு வண்டியைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பதே நான் பெற்றோரிடம் வைக்கும் வாதம்.

மேலே சொன்ன சோதனைகளில் முக்கால்வாசி, ஸ்க்ராம்ளருக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டு வாசலில் நிற்கும் அப்பாவின் பழைய ஹோண்டா இஎக்ஸ்5க்கும் பொருந்தும். டயரின் நான்கு இலக்கத்தை இன்று மாலையே போய்ப் பாருங்கள். கம்பிகளைத் தட்டிப் பாருங்கள். சங்கிலியின் தொய்வைப் பாருங்கள். காட்டுக்குப் போகும் ஆசை இல்லாதவருக்கும் அந்தப் பத்து நிமிடம் வீண் போகாது.

பட்டறையும் ஒரு வகுப்பறை

நான் வண்டியைக் கொண்டுபோகும் பட்டறைக்காரர் படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்தியவர். நான் கூடுதல் விளக்கு வாங்கப்போவதாகச் சொன்னபோது அவர் சொன்னது: “தம்பி, லைட்டு வெளிச்சம் காட்டும். வண்டிய நிறுத்தாது.” இயந்திர அதிர்வு பற்றி நான் விரிவுரை மண்டபத்தில் எழுதிய சமன்பாடுகளை அவர் விரல் நுனியால் உணர்கிறார். பேரிங் போயிருக்கிறது என்பதை நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டே சொல்லிவிடுவார்.

தோட்டங்களில் ரப்பர் ஆலையையும் டிராக்டரையும் ஓடவைத்த நம் பெரியவர்கள் இப்படித்தான் கற்றார்கள். அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நாமோ கையில் கிரீஸ் படுவதைப் படிக்காதவன் வேலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அந்த எண்ணம் மாற வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு மெர்லிமாவ் பாலிடெக்னிக்கும் அலோர்காஜா பக்கமுள்ள அட்டெக் மலாக்காவும் தூரத்தில் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையில் தொடங்கி டிப்ளோமா, உயர் டிப்ளோமா வரை ஏறிப்போகும் வழியும் இருக்கிறது. வண்டியைக் கழற்றிப் பார்க்கும் ஆர்வமுள்ள மாணவனைத் திட்டுவதற்கு முன், அந்த வழியைக் காட்டலாமே.

பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களுக்கும் பள்ளி இந்திய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை போதும். ஊரிலுள்ள பட்டறைக்காரர் ஒருவரைக் கௌரவமாக அழைத்து, மாலை போட்டு, மேடையில் உட்காரவைக்க வேண்டாம். பள்ளித் திடலில் நான்கு பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நிற்கவையுங்கள். பிரேக் ஆயில் மாற்றுவது, டியூப் மாற்றுவது, கம்பி தட்டிப் பார்ப்பது, சங்கிலி சரிசெய்வது. இந்த நான்கையும் ஒவ்வொரு மாணவரும், மாணவிகளும் சேர்த்துத்தான், தன் கையால் ஒரு முறை செய்யட்டும்.

செய்துவிட்ட பிறகு அசகான் பக்கம் போங்கள். தாத்தா நடந்த பாதையில் நீங்கள் ஓட்டிப் போகலாம். பெட்டியும் கூடுதல் விளக்கும் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்.